மன்னாரும் முல்லைத்தீவும் சுத்திப் பாக்க வாறாக்களுக்கு: மாசம், பேப்பர், வாகனம், காசு எல்லாம் ஒரே இடத்தில

கனடாவில இருந்து சித்தப்பா குடும்பம், அவையோட சேர்ந்து சென்னையில இருந்து ரெண்டு பெடியள், எல்லாரையும் இலங்கையின்ர வடக்கில இருக்கிற வன்னிக் கரையோரம் சுத்திக் காட்டுற வேலை என்ர தலையில விழுந்தது. நான் கிளிநொச்சியில இருக்கிற ஆள், ஊர் தெரியும், ஆனா ஊர் தெரியிறது வேற, வெளியில இருந்து வாற ஆக்களைக் கூட்டிக்கொண்டு திரியிறது வேற. எந்த ஒஃபிஸில ரிக்கற், எந்தப் பாலத்தால வான் போகாது, எங்க பாஸ்போர்ட் கேப்பினம் எண்டு ஒரு இடத்திலயும் ஒழுங்கா எழுதி இல்ல. ஒருத்தரைக் கேட்டா இன்னொருத்தரைக் கேக்கச் சொல்லுவார், அவர் பழைய கதை சொல்லுவார். அதால நான் ஓடித்திரிஞ்சு அறிஞ்சதை வரிசையா எழுதிவிடுறன். ராசாக்கள் கதை, கோட்டை கட்டின கதை எல்லாம் வேற இடத்தில வாசியுங்கோ.

1. ரிக்கற் போட முதல் மாசத்தைப் பாருங்கோ

கனபேர் பிழைக்கிற இடம் இதுதான். வன்னிக்கு ரெண்டு கரை இருக்கு, மேற்கில மன்னார், கிழக்கில முல்லைத்தீவு. ரெண்டுக்கும் ஒரே சீசன் கிடையாது.

ஒக்டோபர் நடுப்பகுதியில இருந்து டிசம்பர் முடியிற வரைக்கும் வடகீழ்ப் பருவமழை, முல்லைத்தீவுக் கடல் அப்ப கொதிச்சுக்கொண்டு நிக்கும், றோட்டுக்கு மேலால வெள்ளம் பாயும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து நாடு முழுக்க றோட்டையும் ரெயின் பாதையையும் உடைச்சுப் போட்டுது, அப்பிடி ஒண்டு ஒவ்வொரு வருசமும் வராது, ஆனா நவம்பரில வன்னிக்கு ரூர் போடுறது சூதாட்டம்தான். முல்லைத்தீவுக் கடல் அடங்கி வடிவா இருக்கிறது சித்திரை தொடங்கி ஆவணி வரைக்கும்.

மன்னாருக்கு அதே காலத்தில வந்தீங்கள் எண்டா காத்து அறையும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகக் காத்து, மணல் கண்ணுக்குள்ள வந்து விழும், வள்ளத்தில போறது கஷ்டம், கைற் சேர்ஃபிங் செய்யிற ஆக்களுக்கு மட்டும் அது கொண்டாட்டம். மன்னாருக்கு ஆக்கள் முக்கியமா வாறது பூநாரை பாக்க, அதுகள் நவம்பரில இருந்து மார்ச் வரைக்கும்தான் நிக்கும், யூலையில வந்து "எங்க பறவை?" எண்டு கேட்டா கழுதையைத்தான் காட்டலாம்.

ரெண்டையும் ஒரே ரூரில பாக்கவேணும் எண்டா பெப்ரவரி, மார்ச்தான் நல்லம். மழை விட்டிருக்கும், பறவை இன்னும் போயிருக்காது, கடலும் கொஞ்சம் கொஞ்சமா அடங்கத் தொடங்கும், வெயிலும் தாங்கலாம். பள்ளிக்கூட லீவுக்கு யூலை ஓகஸ்ட்டில மட்டும்தான் வரலாம் எண்டுற ஆக்கள் முல்லைத்தீவுக்குக் கூட நாள் வையுங்கோ, மன்னாரை ஒரு நாளோட முடியுங்கோ.

இன்னும் சில திகதி பாத்துக்கொள்ளுங்கோ. மடுமாதா திருவிழா யூலை 2, ஓகஸ்ட் 15. முல்லைத்தீவில வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல். மன்னாரில திருக்கேதீச்சரச் சிவன் கோயில் சிவராத்திரி. இந்த நாளுகளுக்கெண்டே வாறீங்கள் எண்டா வாங்கோ, மற்றும்படி அந்தக் கிழமையளில அறையும் கிடையாது, பஸ்ஸில நிக்கவும் இடம் கிடையாது. மே 18, நவம்பர் 27 ரெண்டும் எங்கட சனம் செத்தாக்களை நினைக்கிற நாள். அண்டைக்கு சுத்திப்பாக்கிற ரூர் வைக்காதேங்கோ, வாறதெண்டா அதுக்கெண்டே வாங்கோ.

2. கையில இருக்கவேண்டிய பேப்பர்

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண்டா ஈடிஏ எண்டுற ஒன்லைன் அனுமதியை வீட்டில இருந்தே எடுத்துக்கொண்டு வாங்கோ. சுற்றுலா விசா வழமையா 30 நாள், கூட நிக்கப்போறீங்கள் எண்டா பிறகு நீட்டலாம். பாஸ்போர்ட் வந்து இறங்கிற நாளில இருந்து 6 மாசத்துக்குக் குறையாமச் செல்லுபடியா இருக்கவேணும். கட்டணமும் சலுகையும் நாட்டுக்கு நாடு வித்தியாசம், அடிக்கடி மாத்திறாங்கள், அதால நான் தொகை எழுதேல்ல. கூகிளில தேடினா முதல்ல வாறது கனக்க ஏஜென்ற் சைற்றுகள், அரசாங்கச் சைற் மாதிரியே இருக்கும், மேலதிகமா நல்லாக் கறந்திடுவாங்கள். விலாசம் கவ் டொற் எல்கே எண்டு முடியுதோ எண்டு பாத்திட்டுக் காசைக் கட்டுங்கோ.

இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறாக்கள் இலங்கை அடையாள அட்டையையும் மறக்காமக் கொண்டுவாங்கோ. வனஜீவராசித் திணைக்களத்தின்ர இடங்களில உள்ளூர் ரிக்கற்றும் வெளிநாட்டு ரிக்கற்றும் பல மடங்கு வித்தியாசம், "நானும் இந்த ஊர்தான்" எண்டு தமிழில கதைச்சா மட்டும் கவுண்டரில விலை குறையாது.

பாஸ்போர்ட்டின்ர போட்டோக் கொப்பி ரெண்டு மூண்டு எடுத்து வையுங்கோ. தங்குற இடத்தில கேப்பினம், வள்ளத்தில போறதெண்டாலும் கேப்பினம். சாமத்தில முல்லைத்தீவில கொப்பிக் கடை தேட ஏலாது.

3. வந்து சேருறது

கொழும்பில இருந்து மன்னாருக்கு ரெயின்தான் சுகம். கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில ஏறினா தலைமன்னார் பியர் வரைக்கும் மாறாம வரலாம். முல்லைத்தீவுக்கு ரெயின் இல்ல, யாழ்ப்பாணம் போற ரெயினில மாங்குளத்திலயோ கிளிநொச்சியிலயோ இறங்கி பஸ் எடுக்கவேணும். எல்லா ரெயினும் மாங்குளத்தில நிக்காது, அதை ரிக்கற் போடேக்க பாருங்கோ.

சீற் புக்கிங் 30 நாளுக்கு முதல் திறக்கும், லீவு நாளையள் எண்டா திறந்த உடனயே முடிஞ்சிடும். அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் இலக்கம் குடுத்துத்தான் புக் பண்ணவேணும், ரெயினுக்குள்ள அதைச் செக் பண்ணுவினம், அதால தெரிஞ்ச ஆளின்ர பேரில போட்ட ரிக்கற்றை வாங்கி ஏறாதேங்கோ.

பஸ் எண்டா கொழும்பில இருந்து மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் நேரடி இரவு பஸ் இருக்கு. ஏசி பஸ்ஸில குளிர் தாங்கேலாது, ஒரு போர்வை கொண்டுபோங்கோ, சும்மா சொல்லேல்ல.

இந்தியாவில இருந்து வாறாக்களுக்கு சென்னையில இருந்தும் திருச்சியில இருந்தும் யாழ்ப்பாணம் பலாலிக்கு பிளேன் இருக்கு, நாகபட்டினத்தில இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கு. கப்பல் மழைக்காலத்தில ஓடாது, மற்ற மாசங்களிலயும் கடல் சரியில்லாட்டி நிப்பாட்டுவாங்கள், அதால கப்பலில வந்து அடுத்த நாளே ஒரு முக்கிய வேலை வைக்காதேங்கோ. தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இப்ப பயணிகள் கப்பல் கிடையாது. மப்பில (வரைபடத்தில) பக்கத்தில பக்கத்தில தெரியுது எண்டு ஆரும் "வள்ளத்தில ஏத்தி விடுறன்" எண்டு சொன்னா அது களவுப் பயணம், நேவி பிடிச்சா நேர சிறைதான்.

4. வாகனம்: இதிலதான் காசு போகும்

பஸ்ஸில மன்னார் ரவுணுக்கு வரலாம், முல்லைத்தீவு ரவுணுக்கு வரலாம். பாக்கவேண்டிய இடம் எல்லாம் ரவுணை விட்டு பத்து, இருவது, முப்பது கிலோமீற்றர் தள்ளித்தான் இருக்கு. தலைமன்னாரே மன்னார் ரவுணில இருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர். அதால சொந்தமா ஒரு வாகனம் வேணும்.

நாலு பேருக்குக் கூட எண்டா சாரதியோட வான். விலை பேசேக்க "ஒரு நாளைக்கு எவ்வளவு?" எண்டு மட்டும் கேட்டு விடாதேங்கோ. எத்தினை கிலோமீற்றர் அதுக்குள்ள அடக்கம், அதுக்கு மேல போனா கிலோமீற்றருக்கு எவ்வளவு, டீசல் ஆர் அடிக்கிறது, இரவு தங்கினா சாரதிக்கு சாப்பாடும் படுக்கையும் ஆற்ற பொறுப்பு, திரும்பி வெறுமனே போற தூரத்துக்கும் காசோ. இந்த அஞ்சையும் கேட்டு வட்ஸப்பில எழுத்தில வாங்கி வையுங்கோ. எங்களிட்ட ஒரு சாரதி கடைசி நாள் "வெறும் ஓட்டம்" எண்டு ஒரு கணக்குக் கொண்டுவந்தார், வட்ஸப்பைக் காட்டின உடன பேச்சு நிண்டுது.

ரெண்டு பேர் எண்டா ஓட்டோ காணும். ஒரு நாள் முழுக்கப் பேசி எடுங்கோ, இடத்துக்கு இடம் பேசினா ரெண்டு மடங்கு வரும். மீற்றர் போடுற ஓட்டோ இந்தப் பக்கம் எதிர்பாக்காதேங்கோ, கொழும்பில பழகின அப் எல்லாம் இங்க பேருக்குத்தான்.

நீங்களே ஓடப்போறீங்கள் எண்டா வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் காணாது. சர்வதேச அனுமதி வைச்சிருந்தாலும் கொழும்பு 3 இல இருக்கிற ஒட்டோமொபைல் அசோசியேசனில பதிஞ்சு எடுக்கவேணும், இல்லாட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில தற்காலிக லைசென்ஸ் எடுக்கவேணும், அதுக்கு இப்ப கட்டுநாயக்கா எயார்போட்டிலயே ஒரு கவுண்டர் இருக்கு. மன்னாருக்கு வந்த பிறகு இதைச் செய்யலாம் எண்டு நினைக்காதேங்கோ. லைசென்ஸ் சரியில்லாம அடிபட்டா இன்சூரன்ஸ் ஒரு சதமும் தராது. மோட்டச்சைக்கிள் எண்டா பின்னுக்கு இருக்கிறாளுக்கும் ஹெல்மெற் வேணும்.

பொழுதுபட்ட பிறகு ஓடாதேங்கோ. மடுக் காட்டுப் பக்கம், ஒட்டுசுட்டான் பக்கம் யானை றோட்டுக்கு வரும். கறுப்புத் தார் றோட்டு, கறுப்பு யானை, லைற் அடிச்சாலும் கிட்டப் போகுமட்டும் தெரியாது. மாடும் அப்பிடித்தான், இரவில றோட்டு சூடா இருக்கெண்டு நடுவில படுத்திருக்கும்.

5. தங்குறது

மன்னார் ரவுணில விடுதியள் இருக்கு, தீவின்ர தென்கரைப் பக்கம் விலை கூடின ரிசோட்டும் இருக்கு. முல்லைத்தீவில குறைவு, ஆனா ஹோம்ஸ்ரே இருக்கு, சமைச்சும் தருவினம். கிளிநொச்சியில தங்கி முல்லைத்தீவுக்கு ஒரு நாள் போய்வாறதும் நடக்கும், பரந்தன் சந்தியால திரும்பினா அம்பது கிலோமீற்றர் சொச்சம்தான்.

முழுக் காசையும் முற்பணமாக் கட்டாதேங்கோ. எங்களுக்கு மன்னாரில ஒரு இடத்தில நடந்தது, புக்கிங், காசு எல்லாம் சரி, பெட்டியோட போய் இறங்கேக்க அறையளை ஒரு கலியாண வீட்டுக்குக் குடுத்திட்டினம், "உங்களுக்கு வேற இடம் பாத்துத் தாறம்" எண்டு ஒரு சிரிப்பு, காசு திரும்ப வர மாசக்கணக்காப் போச்சு. முதல் நாள் இரவு ஒருக்கா, வெளிக்கிடேக்க ஒருக்கா கோல் எடுத்துக் கேளுங்கோ. தண்ணியையும் கேளுங்கோ, கரையோரத்தில கன இடத்தில கிணத்துத் தண்ணி உவர், குளிச்சா தலைமயிர் பிசுபிசுக்கும், குடிக்க வாங்கத்தான் வேணும்.

6. மன்னாரில என்ன பாக்கிறது

விடியத் தொடங்குங்கோ, பத்தரைக்குப் பிறகு வெயில் சுடும், நிழலும் இல்ல.

பறவை சீசன் எண்டா முதல் வேலை தள்ளாடிப் பக்கம், மன்னார் தாம்போதி (தீவுக்குப் போற கடல் றோட்டு), வங்காலைச் சரணாலயம். ஆறரை ஏழு மணிக்கு அங்க நில்லுங்கோ. பூநாரை கரைக்குக் கிட்ட வராது, தூர ஒரு றோஸ் கோடு மாதிரித் தெரியும், பைனாகுலர் இல்லாமப் போனா அந்தக் கோட்டோட திரும்பவேண்டியதுதான். ட்ரோன் விட்டுக் கலைச்சுப் படம் எடுக்கிற கூத்தைச் செய்யாதேங்கோ, சட்டமும் விடாது.

பிறகு ரவுணுக்குள்ள கோட்டை, அரை மணித்தியாலம் காணும். பள்ளிமுனையில பெருக்கமரம் (பாவோபாப்), அடிமரத்தின்ர சுத்தளவு 19 மீற்றருக்கும் கூட, ஒரு குடும்பமே கை கோத்தாலும் சுத்திப் பிடிக்கேலாது. பத்து நிமிசத்தில பாத்திட்டுப் போவினம், ஆனா பின்னேர வெளிச்சத்தில போனா அந்தப் பட்டை யானைத்தோல் நிறத்தில இருக்கும், அப்ப எடுங்கோ படம். ரவுண் றோட்டில கழுதையள் திரியும், பிள்ளையள் பிஸ்கற் குடுக்கப் போவினம், பின்னங்கால் பக்கம் விடாதேங்கோ.

திருக்கேதீச்சரம் ரவுணில இருந்து பெருநிலப்பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். மத்தியானம் நடை சாத்துவினம், அதால காலமை இல்லாட்டி நாலு மணிக்குப் பிறகு. ஆம்பிளையள் மேல்சட்டை கழட்டவேணும், வேட்டி நல்லம், அரைக் காற்சட்டையோட போகாதேங்கோ. சிவராத்திரிக்கு வந்தா கோயில் தீர்த்தமான பாலாவியில தண்ணி அள்ளிக்கொண்டு போய் நீங்களே லிங்கத்துக்கு ஊத்தலாம், அந்தச் சனத்துக்குள்ள பிள்ளையளை இடுப்பில வைச்சிருங்கோ.

மடுக் கோயில் காட்டுக்குள்ள, மடு றோட் ஸ்ரேசனில இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். ரெயினில இறங்கின உடன கோயில் எண்டு நினைச்சு மூட்டையோட இறங்கி நிக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன், திருவிழா இல்லாத நாளில ஓட்டோவும் உடன கிடையாது. முழங்காலும் தோளும் மூடின உடுப்பு.

அரிப்பில இருக்கிற அல்லிராணிக் கோட்டை எண்டு சனம் சொல்லுறது இங்கிலீஸ்காரக் கவர்னர் ஒருவர் இருந்த வீடு. கடல் மண்ணைத் தின்னத் தின்ன சுவர் இடிஞ்சு விழுந்துகொண்டிருக்கு. மேல ஏறாதேங்கோ, விளிம்பில நிண்டு செல்ஃபியும் வேண்டாம். பொழுது சாயிற நேரம் அந்தச் சிவத்த மண்மேடும் கடலும் பாக்க நல்ல வடிவு, மன்னாரில ஒரே ஒரு பின்னேரம்தான் இருக்கெண்டா நான் அங்கதான் கூட்டிக்கொண்டு போவன். வழியில கடை குறைவு, தண்ணி கொண்டுபோங்கோ.

7. தலைமன்னாரும் மணல் திட்டியும்

எல்லாரும் கேக்கிறது இதுதான், "இராமர் பாலம் போகலாமோ?" கரையில நிண்டு கடலைப் பாக்கிறதுக்கு ஒரு அனுமதியும் வேண்டாம், தலைமன்னார் ஊருமலைப் பக்கம் போனாச் சரி. பாலம் எண்டு சொல்லுற அந்த மணல் திட்டியில இறங்கவேணும் எண்டா அது வேற கதை. அந்தத் திட்டியள் வனஜீவராசித் திணைக்களத்தின்ர தேசியப் பூங்காவுக்குள்ள வருது, இந்திய எல்லையும் பக்கத்தில, அதால திணைக்களத்தின்ர ரிக்கற்றும் வேணும், நேவிக்கும் தெரியவேணும்.

நான் ஒரு கவுண்டரில கேக்க இன்னொரு இடம் காட்டினாங்கள், அங்க போனா முதல் இடத்துக்கே திருப்பி விட்டாங்கள். கடைசியில சரி வந்த வழி, முதல் நாளே மன்னாரில திணைக்கள ஒஃபிஸுக்கு நேர போய், எத்தினை பேர், எந்த நாடு, எந்த நாள் எண்டு பாஸ்போர்ட் கொப்பியோட குடுத்து, வள்ளக் காசு ஆளுக்கோ வள்ளத்துக்கோ எண்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாறது. போனில கேட்டா ஒருத்தரும் உறுதியாச் சொல்லாயினம். சனி ஞாயிறில கேக்கப் போகாதேங்கோ.

காலமை வெள்ளெனப் போறதுதான் முறை, பத்து மணிக்குப் பிறகு காத்து எழும்பும். லைஃப் ஜக்கெற் இல்லாத வள்ளத்தில ஏறாதேங்கோ, எவ்வளவு மலிவெண்டாலும். திட்டியில ஒரு மரம் கிடையாது, தொப்பி, தண்ணி, நீளக்கைச் சட்டை. கடல் சரியில்லை எண்டு நேவி மறிச்சா வாதாடிப் பிரயோசனம் இல்ல, அதுக்கெண்டு இன்னொரு காலமையைக் கையில வைச்சுக்கொண்டு பிளான் போடுங்கோ.

தலைமன்னார்ப் பக்கம் போன் இந்திய நெற்வேர்க்கைப் பிடிச்சிடலாம், ரோமிங்கை நிப்பாட்டிப் போட்டுப் போங்கோ.

8. முல்லைத்தீவு

மன்னாரில இருந்து முல்லைத்தீவுக்கு நேர் றோட்டு இல்ல, வெள்ளாங்குளம், மல்லாவி, மாங்குளம் எண்டு குறுக்கால வரவேணும், அரை நாள் ஒதுக்குங்கோ.

இங்க பாக்கிற சாமான் எண்டு பெரிசா லிஸ்ற் கிடையாது, ரிக்கற் கவுண்டரும் கிடையாது, அதுதான் எனக்குப் பிடிச்சது. விடிய ஆறு மணிக்குக் கரைக்குப் போங்கோ, கரைவலை இழுக்கிறதைப் பாக்கலாம். ரெண்டு கயிறும் கரையில ஒண்டுக்கொண்டு நல்லாத் தள்ளி நிக்கும், முந்தி ஆக்கள் வரிசையா நிண்டு இழுத்தது, இப்ப கன வாடியில (மீன்பிடிக்காரர் கரையில தங்குற கொட்டில்) உழவு மெஷின் பூட்டி இழுக்கினம். கயிறு முறுகி ஈரம் சொட்டச் சொட்ட வரும், அதைத் தாண்டிக் குதிக்காதேங்கோ, அறுந்தா அடிக்கிற அடி சும்மா அடி இல்ல, சுத்திப் போங்கோ. மடி (வலையின்ர பை) கரைக்குக் கிட்ட வரேக்க முதல் தெரியிறது காகம்தான், மீனுக்கு முதல் அதுகள் வந்து இறங்கும். மடி அவிழ்த்தா சூடை, நெத்தலி, காரல் எண்டு வெள்ளிக்குவியல் துடிக்கும், அதுக்குள்ள வழுவழுப்பாச் சொறியும் (ஜெலி மீன்) கிடக்கும், கை வைச்சா எரியும், பிள்ளையளுக்கு முதலே சொல்லி வையுங்கோ. கரையிலயே கூறு போட்டு விப்பினம். தங்குற வீட்டில சமைச்சுத் தருவினம் எண்டா ஒரு கூறு வாங்குங்கோ, சம்மாட்டியோட (வலைச் சொந்தக்காரரோட) சிரிச்சுக் கதைச்சுப் பேரம் பேசலாம், ஆனா வேலை நடக்கேக்க குறுக்க நிண்டு படம் எடுத்தா ஏச்சுத்தான் விழும். கேட்டிட்டு எடுங்கோ, மாட்டன் எண்டு சொல்லமாட்டினம்.

குளிக்கிறதெண்டா, கரை திடீரெண்டு ஆழமாகும், உயிர்காப்பு ஆக்கள் நிப்பினம் எண்டு நம்பி இறங்கேலாது. எந்த இடம் சரி எண்டு வாடியில கேட்டிட்டு இறங்குங்கோ. இது ஹிக்கடுவை இல்ல, நீச்சலுடுப்போட கரையில நடந்தா சனம் ஒருமாதிரிப் பாக்கும், ரீசேட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு குளியுங்கோ.

வட்டுவாகல் பாலம் ஒரு வாகனம் மட்டும் போற ஒடுக்கமான பழைய பாலம், பக்கத்தில நந்திக்கடல் களப்பு. மழைக்காலத்தில தண்ணி மேலால பாயும், அப்ப மறிச்சிடுவாங்கள். புதுப்பாலத்துக்கு 2025 செப்டெம்பரில அடிக்கல் நட்டவை. போக முதல் கேட்டிட்டுப் போங்கோ, இல்லாட்டி ஒட்டுசுட்டானால சுத்தவேணும். பின்னேரம் பாலத்தடியில இறால் பிடிக்கிறாக்கள் நிப்பினம். அதைத் தாண்டினா முள்ளிவாய்க்கால். அங்க என்ன சொல்லவேணும், எப்பிடி நடக்கவேணும் எண்டு நான் படிப்பிக்கத் தேவையில்ல, பாட்டுச் சத்தத்தைக் குறைச்சுக்கொண்டு போங்கோ, அவ்வளவுதான்.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடல் கரையிலயே இருக்கு. பொங்கலுக்கு முதல் கிழமை கடலில தண்ணி எடுத்துக்கொண்டு வந்து முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில அந்த உப்புத் தண்ணியில விளக்கெரிப்பினம், பாக்கிறதெண்டா அந்தக் கிழமை முழுக்க நில்லுங்கோ. பொங்கலண்டு வாகனம் தூரவே மறிப்பாங்கள், நடக்கிற செருப்போட வாங்கோ.

தெற்கால அளம்பில், நாயாறு, கொக்கிளாய் எண்டு கரையோடயே போகலாம், நல்ல ஓட்டம். ஒரு பொறி இருக்கு: மப்பில பாத்தா கொக்கிளாயும் புல்மோட்டையும் பக்கத்துப் பக்கத்தில, ஆனா நடுவில களப்பு வாய், பாலம் இல்ல. ஆள் வள்ளத்தில கடக்கலாம், வான் கடக்காது, வெலிஓயாப் பக்கத்தால சுத்தோ சுத்தெண்டு சுத்தவேணும். "அப்பிடியே திருகோணமலைக்குப் போவம்" எண்டு பிளான் போடுறாக்கள் இதைக் குறிச்சு வையுங்கோ.

9. வழியில நிண்டு பாக்கிறது

கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுக் குளம், விடிய அல்லது பொழுதுபட. பூநகரிக் கோட்டை, அங்கால சங்குப்பிட்டிப் பாலம், யாழ்ப்பாணம் போறாக்கள் அந்த வழியாப் போனா ஏ9 றோட்டை விட வடிவு. ஆனையிறவில உப்பளம். சுண்டிக்குளம் பறவை பாக்கிறாக்களுக்கு மட்டும், கடைசித் தூரம் றோட்டு மோசம், மழை பெய்தா கார் புதையும். கட்டுக்கரைக்குளம் மன்னார் றோட்டோரமே, நிண்டு ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்கோ, குளத்துக்குள்ள இறங்காதேங்கோ, முதலை இருக்கு.

10. சிவப்புப் போட், காம்ப், ட்ரோன்

மண்டையோடு போட்ட சிவப்புப் போட் (அறிவிப்புப் பலகை) கண்டா அங்கால ஒரு அடியும் வேண்டாம். மிதிவெடி எடுக்கிற வேலை இன்னும் நடக்குது, முகமாலைப் பக்கம் றோட்டில நிண்டே பாக்கலாம். போட் இல்லாட்டியும் ஆக்கள் நடக்காத பத்தைக்குள்ள, இடிஞ்ச வீட்டுக்குள்ள "ஒண்டுக்கு"ப் போறனெண்டு இறங்காதேங்கோ. நிலத்தில ஏதும் இரும்பு கிடந்தா தொடாம, பொலிஸுக்குச் சொல்லுங்கோ.

ஆமிக் காம்ப், செக்பொயின்ற், நேவி வள்ளம் படம் எடுக்காதேங்கோ. ட்ரோன் எண்டா சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின்ர பதிவும் அனுமதியும் வேணும், நாட்டுக்குள்ள வந்து ரெண்டு நாளில எடுக்கிற விசயம் இல்ல. பேப்பர் இல்லாட்டி ட்ரோனை வீட்டில விட்டிட்டு வாங்கோ.

அவசரத்துக்கு: அம்புலன்ஸ் 1990, அதுக்குக் காசில்ல. பொலிஸ் 119. சுற்றுலாப்பயணியள் முறைப்பாடு 1912.

11. காசும் சாப்பாடும்

ரவுணுகளில ஏரிஎம் இருக்கு, ரவுணை விட்டா இல்ல. காட் எடுக்கிற கடை குறைவு. 5000 ரூபாத் தாளை ரவுணிலயே மாத்திக்கொண்டு வெளிக்கிடுங்கோ, வாடியில ஒரு கூறு மீனுக்கோ றோட்டோரக் கடையில பிளேன்ரீக்கோ அதை நீட்டினா கடைக்காரர் உங்களைப் பாப்பார், நீங்கள் அவரைப் பாப்பீங்கள்.

மன்னாரில நண்டு, முல்லைத்தீவில இறால், கணவாய். நண்டுக்கறி எண்டா காலமையே சொல்லி வையுங்கோ, நிறையோ எண்ணிக்கையோ, எவ்வளவு விலை எண்டதை சமைக்க முதல் கேளுங்கோ, சாப்பிட்ட பிறகு கேட்டா பதில் வேற மாதிரி வரும். மத்தியானச் சோறு ரெண்டு மணிக்குப் பிறகு தேடினா சட்டி காலியாத்தான் இருக்கும். இரவு எட்டரைக்குப் பிறகு கொத்து மட்டும்தான். பௌர்ணமி நாளில சாராயக்கடை பூட்டு, தவறணையும் (கள்ளுக்கடை) பூட்டு.

கருவாடு, பனங்கட்டி, ஒடியல் வாங்கிக்கொண்டு போறாக்கள் கனபேர். கருவாட்டை கரையில காயப்போட்ட இடத்தில வாங்காம, நல்லாக் காஞ்சதோ எண்டு முறிச்சுப் பாத்துக் கடையில வாங்குங்கோ, மூண்டு உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கோ. அவுஸ்திரேலியா, கனடா போறாக்கள் கஸ்ரம்ஸ் பேப்பரில உணவுச் சாமான் இருக்கெண்டு கட்டாயம் எழுதுங்கோ, எழுதினா கூடிப்போனா பறிப்பாங்கள், எழுதாம விட்டா தண்டமும் சேரும்.